சால்வைக்காரன் பறக்கும்போது லோஞ்சு போய்விடும்

போன சனிக்கிழமை என் மனைவியைத் திருகோணமலையில் ஒரு தியேட்டருக்குள் விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

குடையை விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். நானே ஒருமுறை ஒரு பை நிறைய வெங்காயத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் ஏழு மாத வயிற்றோடு இருக்கும் மனைவியை...? பொறுங்கள். திட்டுவதற்கு முன் முழுக்கதையையும் கேளுங்கள்.

நாங்கள் இருப்பது மூதூரில். படம் ஓடுவது குடாவுக்கு அந்தப் பக்கம், திருகோணமலை டவுனில். நடுவில் கடல். அதைக் கடக்க ஒரு மோட்டார்ப் படகு, எங்கள் பேச்சில் லோஞ்சு. கடைசி லோஞ்சு புறப்படும்போது பகல் காட்சி முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும். தரை வழியாக வரலாமே என்பீர்கள். வரலாம் — ஆற்றுக்கு ஆறு இறங்கி, தோணிக்குத் தோணி ஏறி, வீடு வந்து சேரும்போது கோழி கூவும்.

ஆகவே மூதூர்க்காரர் எவரும் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. வில்லன் கதாநாயகியைக் கட்டிப் போடுவான். துறையில் லோஞ்சு ஊதும். நாங்கள் எழும்புவோம். அவ்வளவுதான் படம்!

அழுகைப் படங்களில் இது பெரிய நட்டமில்லை. எப்படியும் ஒருவர் சாவார், மற்றவர்கள் கும்பிடுவார்கள். இப்போது புதிதாக வருகிறதே, பறக்கிற வீரர் படங்கள் — அங்கேதான் சிக்கல். தோளில் சால்வை. உள்ளே போட வேண்டியதை வெளியே போட்ட உடுப்பு. (அந்தச் சால்வையை அவருக்கு யார் போர்த்தினார்கள், எந்தப் பாராட்டு விழாவில் என்று யாரும் சொல்வதில்லை.) முதலில் பகிடி. பிறகு காதல். பிறகு ஒரு பேய். பிறகு அம்மா அழுவார். கடைசியில்தான் சண்டை. ஒரே டிக்கெட்டில் ஐந்து படம் — கொத்துரொட்டி மாதிரி!

ஆனால் எங்கள் கோப்பையில் விழுவது முதல் நாலும்தான். அந்த மனிதர் சண்டை பிடித்து நாங்கள் கண்டதே இல்லை. கண்டதெல்லாம் அவர் பூட்டின கதவில் மோதுவதும், சால்வை மின்விசிறியில் சிக்குவதும், காதலிக்கு முன்னால் நாக்குக் குழறுவதும்தான். டவுன் பொடியன்கள் அவருடைய போஸ்டரைக் கண்டால் சலூட் அடிக்கிறார்கள். எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். மூதூரைப் பொறுத்தவரை உலகத்தைக் காப்பாற்றும் வீரர் ஒரு நல்ல பகிடிக்காரர்.

என் மனைவி பரமேசு மட்டும் சிரிப்பதில்லை. கவலைப்படுகிறாள்.

“இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளையை அவிட்டு விட்டிருப்பினமோ?”

“எந்தப் பிள்ளையை?”

“எல்லாப் பிள்ளையளையும்தான். கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து எத்தினை பேரைக் கட்டின கட்டோட விட்டிட்டு வந்திருக்கிறம்!”

பிள்ளைத்தாச்சிகள் மாங்காய் கேட்பார்கள், புளி கேட்பார்கள். பரமேசு கேட்டது ஒன்றே ஒன்று... ஒரு படத்தின் முடிவு.

சனிக்கிழமை டவுனில் போய் இறங்கியதும் அவள் நேரே லோஞ்சு ஓட்டும் காசிம் காக்காவிடம் போனாள். காசிம் காக்கா நேரத்தில் நெருப்பு. சொந்த மாமனாரையே துறையில் கையசைக்க விட்டுவிட்டு லோஞ்சை எடுத்தவர்.

“காக்கா, இண்டைக்குப் பின்னேரம் ஒரு அரை மணித்தியாலம் பிந்தி எடுக்கேலாதோ?”

“ஏலாது தங்கச்சி. லோஞ்சு ஆருக்கும் நிக்காது.”

பரமேசு வயிற்றில் கையை வைத்தாள். “பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டது கிடைக்காட்டிப் பிறக்கிற பிள்ளைக்குக் காது வடியுமாம்...”

காசிம் காக்கா ஆறு பிள்ளைகளின் தகப்பன். கடலைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

“காது வடியிறது லேசுப்பட்ட விசயமில்ல புள்ள. சரி, நிக்கிறன். ஆனா படம் முடியிறது எனக்கு எப்பிடித் தெரியும்? அஸர் தொழுதிட்டு நானும் வாறன்.”

வந்தார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தியேட்டருக்குள் கால் வைத்தார். பேய் வரும் கட்டத்தில் வந்து, எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில், லோஞ்சு ஓட்டுவது போலவே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மா அழுது முடித்தார். வில்லன் கதாநாயகியைப் பிடித்து ஒரு படகில் கட்டினான். உடனே தியேட்டரில் இருந்த அத்தனை மூதூர்க்காரரும் பழக்க தோசத்தில் எழும்பினார்கள். எழும்பினவர்கள் காசிம் காக்காவைக் கண்டார்கள். காக்கா இங்கே என்றால் லோஞ்சு எங்கே போகும்?

“இருங்கோ, இருங்கோ! காக்கா இஞ்சதான்!”

எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். உண்மையாகச் சொல்கிறேன். முப்பது வயது தாண்டிய மனிதன் முதன்முதலாக ஒரு சண்டையைப் பார்க்கப்போகிறான்... பரமேசு என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

திரையில் புயல் எழுந்தது. படகு நடுக்கடலில் ஆடியது. சால்வைக்காரர் மொட்டைமாடிக்கு ஓடி, சால்வையை உதறி, இரண்டு கையையும் விரித்து —

காசிம் காக்கா துள்ளி எழும்பினார். “யா அல்லாஹ், காத்து எழும்பிட்டு! என்ட லோஞ்சு!”

ஓடினார்.

காக்கா ஓடினால் லோஞ்சு போகப்போகிறது. இது எங்கள் இரத்தத்தில் ஊறியது, மூளையைக் கேட்டு நடப்பதில்லை. மூதூர் முழுவதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது. நானும் ஓடினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஓடினேன். காக்காவுக்கு அடுத்ததாக வந்தேன்.

துறையில் கடல் கோப்பையில் ஊற்றி வைத்த தேத்தண்ணி போல அசையாமல் கிடந்தது. காக்கா வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி... தங்கச்சி எங்க?”

திரும்ப ஓடினேன். தியேட்டர் வாசலில் நின்றவர் கையை நீட்டி மறித்தார்: “போனா போனதுதான். திரும்ப விடேலாது.” உள்ளே ஒரே விசில், கைதட்டல், டமார் டுமீல். என் வாழ்க்கையின் முதல் சண்டையைப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று காதால் கேட்டேன்.

படம் முடிந்தது. சனம் வந்தது. கடைசியாகப் பரமேசு வந்தாள் — ஆறுதலாக, கச்சான் கடலை உடைத்துக்கொண்டு.

“என்னப்பா நடந்தது?” என்றேன். எனக்கும் ஒரு கச்சான் தந்தாள். பதில் தரவில்லை.

எங்களுக்காகக் காத்து நின்ற லோஞ்சில் ஊரே அவளைச் சுற்றி உட்கார்ந்தது. இருக்காதா பின்னே? மூதூரில் முடிவு பார்த்த ஒரே மனிசி! கெஞ்சிப் பார்த்தார்கள். சோடா வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். ம்ஹூம். குடாவின் நடுவில் காசிம் காக்கா எஞ்சினை நிறுத்திவிட்டார்.

“தங்கச்சி, முடிவைச் சொன்னாத்தான் லோஞ்சு போகும்.”

பரமேசு கச்சான் கோதை ஊதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“காத்து எழும்பிச்சுது. வீரர் ஓடிட்டார். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பாத்தாள். பிறகு தானே கட்டை அவிட்டுக்கொண்டு, ஆறுதலா நடந்து வந்தாள்.”

காக்காவுக்கு விளங்கவில்லை. “நடுக்கடலில எப்பிடிப் புள்ள நடக்கிற?”

“நடந்துதான் வந்தாள்.”

லோஞ்சு முழுவதும் மெல்ல என் பக்கம் திரும்பியது. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எஞ்சின் இல்லாமலே லோஞ்சு குலுங்கியது.

“அப்ப... கடைசிச் சண்டை?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“அது இனித்தான். வீட்டை போய்.”

பிள்ளையின் காதுக்கு இனி ஒரு குறையும் வராது. என் காதுக்குத்தான் ஒரு கிழமையாக ஓய்வில்லை.