முருங்கைக்காயோடு வந்த சர்வே சார்

இன்று காலை திண்டுக்கல் வேலைக்குப் போக எங்கள் கிராமத்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். சென்னையிலிருந்து சர்வே எடுக்க வந்தவர் காரை விட்டு இறங்கி, கையில் ஃபார்மோடு என்னிடம் வந்தார்.

“பஸ் வசதி இருக்காம்மா?”

“இருக்குதுங்க. பாதி நாள் வராதுங்க.”

“இருக்கு, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான்மா இருக்கு” என்று சொல்லி, ‘இருக்கு’வில் டிக் போட்டார்.

திரும்பிப் போனால் கார் கிளம்பவில்லை. அவருக்கு மதியம் திண்டுக்கல்லில் ரயில்.

“அடுத்த பஸ் எப்பம்மா?”

“டிக் போட்டது நீங்கதானுங்க. நீங்களே சொல்லுங்க.”

முக்கால் மணி நேரம் கழித்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏற்றிய மினி லாரி ஒன்று நின்றது. முன்னால் எனக்கு இடம் கிடைத்தது. அவர் பின்னால் ஏறினார்.

“ஏனுங்க சார், காய் மேல உக்காந்துறாதீங்க. கேரளா போற சரக்கு, நசுங்குனா எடுக்க மாட்டாங்க” என்றார் லாரிக்காரர். பாவம் சர்வே சார், மார்க்கெட் வரை நின்றுகொண்டே வந்தார்.

இறங்கியதும் ஃபார்மை எடுத்து, ‘இருக்கு’வில் போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் ‘காய்க்கு மட்டும் உண்டு’ என்று எழுதினார். அப்போதுதான் அந்த மனிதரை எனக்குப் பிடித்தது.

அங்கிருந்து பஸ் பிடித்து, திண்டுக்கல் நாகல் நகரில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று.

“லோக்கல்ல இருந்து வாரதுக்கே இம்புட்டு நேரமா?” என்ற மேனேஜர், எனக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டார்.

உங்கள் ஊரில் முதலில் வண்டி ஏறுவது யார், ஆளா காயா?