முந்திரிக் கத்தியால் சீவிய குச்சிகள்

ஒரே பெண்ணின் படிவத்தில் மூன்று மாதம் தொடர்ந்து பன்னிரண்டு என்று எழுதினேன். முதல் பன்னிரண்டு மட்டுமே உண்மை.

வாய்ப்புற்றுக்கு அறுவை செய்து, கரண்ட் என்கிற கதிர்வீச்சும் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களை மாதம் ஒருமுறை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஆராய்ச்சி வேலை எனக்கு. அரியலூரில் பஸ் ஏறி, சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியைத் தின்று, கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கி நடப்பேன். ஆளுக்கொரு கட்டு ஐஸ் குச்சி ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே எத்தனை குச்சி அடுக்க முடிகிறதோ, வாய் அவ்வளவு திறக்கிறது என்று கணக்கு. எண் குறைந்தால் உடனே கூட்டிவர வேண்டும். நோய் திரும்பி வரும்போது சில சமயம் முதலில் வாயைத்தான் பூட்டும்.

குச்சியைக் கையில் வாங்கி நீங்களே எண்ணுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். நான் வாங்கியதில்லை. அடுத்தவர் வாயில் போய்வந்த எச்சில். அவர்களும் நீட்டமாட்டார்கள். அவர்களே என் முன்னால் வாயில் அடுக்கி எண்ணிச் சொல்வார்கள், நான் எழுதுவேன்.

நான் பன்னிரண்டு எழுதிய அந்த அக்கா வீட்டிலேயே முந்திரிப் பருப்புக்குத் தோல் சீவுகிறவர். அவரும் மகளும் மட்டும். மகளுக்குத் தையில் கல்யாணம்.

ஐப்பசியில் கேட்டேன்.

"பன்னெண்டு தம்பி. கொட்டாவி வுட்டா பக்கத்து வூட்டுக் கோழி உள்ள பூந்துடும்."

கார்த்திகையிலும் பன்னெண்டு. ஆனால் கோழி இல்லை, சிரிப்பு இல்லை. சொற்கள் பல்லிடுக்கில் நசுங்கி வந்தன. மழைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்றார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

மார்கழியில் எண்ணிக்கொண்டிருக்கும்போதே குச்சிகள் அவர் கைதவறிச் சிதறின. யோசிக்காமல் குனிந்து அள்ளினேன். கையில் கனமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தபோது குச்சி வழியே என் விரல் நிழலாகத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் பருப்பில் கீறல் விழாமல் தோலெடுப்பதுபோல் சீவியிருந்தார். முறத்தின் ஓரத்தில் முந்திரித் தோல் சீவும் சின்னக் கத்தி கிடந்தது.

"அக்கா, என்ன இது?"

மகளைப் பால் வாங்க அனுப்பினார். அவள் படலைத் தாண்டியதும் சொன்னார்.

"நீங்க எழுதுனா நாளைக்கே படுக்க வெச்சுடுவாங்க. ஆத்தாக்காரி ஆஸ்பத்திரியில கெடக்கறான்னா மாப்ள வூட்ல தாலிய எடுத்துக்கிட்டு வருவாங்களா? தை பொறக்கட்டும் தம்பி. அப்புறம் கழுத்தோட அறுத்துக்கட்டும்."

"நெசமா எத்தனை போவுது?"

விரல்களை விரித்தார். ஐந்து. "அதுவும் காலையில மட்டும்."

எழுதினேன். பன்னிரண்டு.

கல்யாணத்துக்குப் போனேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பந்தல் வாசலில் நின்றார். "யாருடி பொண்ணு, நீயா ஒன் மவளா? இந்த வெக்கம் வெக்கப்படற!" என்றாள் ஒரு கிழவி. பந்தலே சிரித்தது. அவரும் கண்ணால் சிரித்தார். மேளம் கொட்டியபோது, முந்தானைக்குள்ளிருந்து, வாழைப்பூவை இரண்டு நாள் அடைத்துவைத்தாற்போல் ஒரு நாற்றம் வந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்ததோ, தெரியவில்லை.

மூன்றாம் நாள் நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். படிவத்தைப் புரட்டினார்.

"போன மாசம் பன்னெண்டு போட்டிருக்கே. அதுக்குள்ள இவ்வளவா?"

அக்கா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். இனி அறுக்க இடமில்லை என்று சொல்லி, வலிக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். பங்குனி முடியுமுன் அக்கா போய்ச் சேர்ந்தார்.

படிவத்தைத் திருத்தவில்லை. அது கட்டோடு கட்டாக மேலே போனது, கூட்டிக் கழித்துச் சராசரிக்குள் கரைந்தது. எந்த ஊரிலோ ஒரு டாக்டர் அந்தச் சராசரியை நம்பி, எதிரில் பூட்டிக்கொண்டு வருகிற வாயைப் பார்த்தும், இன்னும் ஒரு மாதம் பொறுத்து வாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.