அண்ணன் லாரியின் பச்சை விளக்கு

லாரிகளுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தேன். காண்டிராக்ட் ஆட்கள் எல்லோரையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். புருஷனோடு வாழ்ந்த வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்திருந்தது. எண்ணூர் போகிற ரோட்டில், கடலோரக் குப்பத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்கள், கூடவே நான். எனக்குச் சோறு போடும்போது மட்டும் அண்ணி கரண்டியைத் தட்டில் ஓங்கித் தட்டுவாள்.

அண்ணனிடம் ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி லாரி இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய பிறகு எங்கள் கரையில் மணல் என்று மிச்சம் இருந்தது ஒரு துண்டுதான். அதுவும் செங்குத்தான சரிவு. ஃபைபர் போட்டைத் தோள் கொடுத்து ஏற்ற முடியாது. அண்ணன் கூலிக்கு லாரியில் கயிறு கட்டி இழுத்துக் கொடுப்பான். குப்பத்தில் வேறு வண்டி கிடையாது.

அந்த லாரியில் பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கியர் உண்டு. அதைத் தள்ளினால், கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு பெட்டி முன்சக்கரங்களையும் சேர்த்துச் சுற்ற வைக்கும். கியர் சரியாக விழுந்ததா என்று காட்ட டேஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும். அண்ணன் வண்டியில் விளக்கு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. விழுந்துவிட்டது என்று நினைத்து மிதிப்பான். பின்சக்கரம் மட்டும் சுற்றி மணலில் புதைந்து நிற்பான்.

"நான் லைட்டு போட்டுத் தரேண்ணா," என்றேன்.

"உனுக்கு தெரியுமா அதெல்லாம்?"

"கம்பெனில இன்னா பூ கட்டிக்கினா இருந்தேன்?"

கோணியை விரித்து லாரிக்கு அடியில் படுத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்சு திருகியிருக்கும். அதன் நுனியில் ஒரு குண்டு. கியர் முழுசாக விழுந்தால் உள்ளே ஒரு தண்டு நகர்ந்து அந்தக் குண்டை அமுக்கும், விளக்கு எரியும். விஷயம் அவ்வளவுதான். பழைய சுவிட்சு உப்பும் கிரீஸும் சேர்ந்து செத்துப் போயிருந்தது. பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் வேறொன்று கிடைத்தது. புது ஒயரை சைலன்சர் சூடு படாமல் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ரப்பர் குழாய் மாட்டி மூடினேன். அண்ணனைச் சாவியைத் திருகச் சொல்லி, ஒயரின் நுனியை வண்டியின் சேசிஸ் இரும்பில் தொட்டேன். மேலே விளக்கு பச்சையாக எரிந்தது. வேலை போனதற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒயரை சுவிட்சில் மாட்டினேன். அண்ணன் சின்ன கியரைத் தள்ளினான். எரியவில்லை. வண்டியை நகர்த்தினால் ஒரு தரம் மினுக்கும், அணையும். சுவிட்சைக் கழற்றி விரலால் அமுக்கிப் பார்த்தேன், நன்றாக எரிந்தது. கோளாறு விளக்கில் இல்லை.

"உள்ள தேஞ்சி பூட்ச்சிண்ணா. கியரு பாதிதான் வுழுது. பெட்டிய இறக்கிப் பிரிச்சாத்தான் சரியாவும்."

"உன் ஒயரிங் தப்புன்னு சொல்லு. பெட்டி மேல பழி போடாத," என்றான் அண்ணன்.

சில நாள் கழித்து விளக்கு எரிந்தது. "அடில பூந்து ஒரு தட்டு தட்னேன், சரியா பூட்ச்சி," என்றான். சில வண்டிகளில் அப்படி நடப்பதுண்டு. நம்பினேன்.

அதற்கப்புறம் மீனவர்கள் விளக்கைப் பார்த்துத்தான் கயிறு கட்டினார்கள். பின் தெருவில் இருந்த ஒருத்தர், அம்மாவுக்குத் தூரத்து உறவில் தம்பி, எனக்கு மாமா முறை, தினமும் கேபினுக்குள் எட்டிப் பார்ப்பார். "எரிதா?" என்பார். "எரிது மாமா," என்பான் அண்ணன். கயிறு கட்டுவார்.

கடல் பொங்கிய ஒரு காலையில் எல்லாப் போட்டும் ஒரே நேரத்தில் கரைக்குத் திரும்பின. நான் அண்ணனுக்கு டீ கொண்டு போயிருந்தேன். மாமாவின் போட்டு பாதிச் சரிவு ஏறியிருந்தது. அப்போது பார்த்தேன். பின்சக்கரங்கள் மணலை வாரி இறைக்கின்றன, முன்சக்கரங்கள் அப்படியே நிற்கின்றன. "நிறுத்துண்ணா!" என்று கத்தினேன். அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. லாரி வழுக்கிப் பின்னால் வந்தது. போட்டு சரிந்து, பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த மாமாவின் காலைக் கல்லோடு வைத்து நசுக்கியது.

எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கேபினில் ஏறினேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். ஒரு சின்ன பொத்தான் தட்டுப்பட்டது. கியர் எப்படி இருந்தாலும், அதைப் போட்டால் விளக்கு எரியும். வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. என் வேலை இல்லை அது.

ஊர்ப் பெரியவர்கள் வலைக்கூடத்தில் கூடினார்கள். அண்ணன் எழுந்து நின்றான்.

"லைட்ட மாட்னது என் தங்கச்சி. கம்பெனில இருந்தவளாச்சேன்னு நம்பினேன். லைட்டு எரிஞ்சிது, இழுத்தேன். நான் இன்னா பண்றது?"

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அவனுக்கு ரெண்டு பொண்ணு கீது. சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. லாரிக்கு அழைத்துப் போய்ப் பொத்தானைக் காட்டினேன். என் இணைப்பையும் அந்த இணைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அதுவும் இவதான் மாட்னா. டெஸ்டு பண்றதுக்குன்னு சொன்னா."

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "அண்ணன் தங்கச்சி சண்டைய வூட்ல வச்சிக்கோங்க. ஆஸ்பத்திரி செலவ அவன் பாத்துக்கட்டும். இந்தப் பொண்ணு இனிமே வண்டில கை வைக்க வேணாம்." கூட்டம் கலைந்தது.

அன்று சாயங்காலமே அண்ணி என் பையை வாசலில் வைத்தாள். அம்மா உள்ளேயே இருந்தாள். இப்போது ராயபுரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறேன். டிரெய்லர் லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் பட்டறையில் வேலை.

மாமாவின் கால் ஒட்டிவிட்டது, ஆனால் கட்டை மாதிரி, மடங்காது. கடலுக்குப் போவதில்லை. ஒரு நாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து அவரே நின்றார்.

"அந்தப் பொத்தான் உன் வேல இல்லன்னு எனுக்கு அன்னிக்கே தெரியும்மா."

"எப்பிடி மாமா?"

"அவன் அத்த மாட்டிக்கினு கீறப்ப நான் பாத்தேன். இன்னான்னு அப்ப புரில. கால் போன அப்பறந்தான் புரிஞ்சிது."

"கூட்டத்துக்கு சொல்லி அனுப்பிருக்கலாமே."

"சொல்லி? அவன் ஆஸ்பத்திரில கைய விரிச்சிருந்தான்னா? என் பையன் போட்ட யாரு இழுப்பா? குப்பத்துக்கு இருக்கறது ஒரு வண்டி." கக்கத்தில் இருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. "நீ படிச்ச பொண்ணு. எங்கனா பொயச்சிக்குவ."

லாரி மறுபடி கரைக்கு வந்துவிட்டதாம். அண்ணன் பெட்டியை இறக்கிப் பிரித்துச் சரிசெய்துவிட்டான், நான் முதல் நாள் சொன்ன அதே வேலையை. பெரம்பூர் பக்கம் இருந்து யாரோ எலெக்ட்ரீஷியன் வந்து விளக்கை மாட்டினானாம்.

"நல்லா எரிது," என்றார் மாமா, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

அந்தக் காலோடு அவரால் குனிய முடியாது. கீழே விழுந்திருந்த அவர் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.