பெப்புவில் இறங்காத நாள்

பிள்ளைகளா, மாமா வீட்டுக்கு நாம் ஏன் போவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். அம்மா சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை நான் இதில் எழுதுகிறேன். பெரியவள் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாள், சின்னவனுக்கு அவளே சொல்லட்டும். நான் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

உங்கள் மாமாவை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன், சன்னிவேலில் சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை, அமெரிக்க சிட்டிசன். அவர் ஸ்பான்சர் பண்ணித்தான் நாங்கள் ஈரோட்டிலிருந்து வந்தோம். அதை ஒரு தீபாவளிக்குக்கூட எங்களை அவர் மறக்க விட்டதில்லை. ஃப்ரீமான்ட்டில் நம் அபார்ட்மெண்ட்டுக்கு வந்து உட்காருவார். வேறு விருந்தாளி யாராவது இருந்துவிட்டால் போதும், "மாப்ள வந்த புதுசுல லிஃப்ட் பட்டன்கூட அமுக்கத் தெரியாம நிப்பாரு" என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். பதினைந்து வருஷம் மெஷினைக் கழற்றி மாட்டியவனுக்கு லிஃப்ட் பட்டன் தெரியாதாம்.

அந்தக் காலத்தில் அம்மா ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு அசெம்பிளி லைனில் இருந்தாள். ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே வேலை. இடுப்பு போய்விட்டது. காலையில் உங்களுக்கு ஷூ லேஸ் கட்ட அவளால் குனிய முடியாது. நாற்காலி மேல் ஏறி நிற்கச் சொல்லித்தான் கட்டிவிடுவாள். உங்களுக்கு அது விளையாட்டு.

லைனில் அவளுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர் ஒரு வயதான ஜப்பான்காரம்மா. பெப்பு என்று கடலோரத்தில் ஓர் ஊர் இருக்கிறது, பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரால் அங்கே மணலே சுடும், துணி அங்கியோடு படுக்க வைத்துக் கழுத்து வரைக்கும் மணலை அள்ளிப் போடுவார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அதுவே பேச்சாகிவிட்டது. அதெல்லாம் ஒரு வைத்தியமா என்று கேட்டேன்.

"சரியாவாட்டிப் போவுதுங்க. ஒரு பத்து நிமிசம் வலியில்லாம படுத்தாப் போதும்" என்றாள்.

அவள் அண்ணன் காதில் இது விழுந்து, அவர் ஒரு கப்பல் பயணத்தைத் தேடிப் பிடித்தார். யோகோஹாமாவில் ஏறி கோபே, நாகசாகி, நடுவில் கொரியாவின் பூசான், அப்புறம் பெப்பு, கடைசியில் ஹாங்காங்கில் இறங்கி விமானம். இரண்டு குடும்பமும் சேர்ந்து போவதாகப் பேச்சு. பெப்பு இருக்கிற கப்பலாகப் பார்த்துத்தான் அவர் எடுத்தார். அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர்களுக்கும் உங்களுக்கும் அமெரிக்க பாஸ்போர்ட், விசா வேண்டியதில்லை. எனக்கும் அம்மாவுக்கும் கிரீன் கார்டுதான், பாஸ்போர்ட் இந்தியாவுடையது. ஜப்பான் விசா எடுத்தாக வேண்டும். ஃபாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் ஃபோன் பண்ணினார்.

"மாப்ள, டபுள் என்ட்ரின்னு மார்க் பண்ணுங்க. கப்பல் நடுவுல கொரியா போயிட்டுத் திரும்ப ஜப்பானுக்குள்ள வருது. சிங்கிள் போட்டுறாதீங்க."

"தெரியும் மச்சா" என்றேன். ஃபோனை வைத்துவிட்டு சிங்கிள் கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கிரீன் கார்டுக்காகக் கிடந்த வருஷங்களில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஃபாரத்தில் குறைவாகக் கேள், அதிகம் கேட்டால் சந்தேகப்படுவார்கள், திருப்பி அனுப்புவார்கள். நம்மைப் போல வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். அது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு ஃபாரத்தை எப்படி நிரப்புவது என்று அந்த மனுஷன் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பலிலேயே இருக்கிறவன் கொரியா போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

கப்பலில் ஏறியதிலிருந்து அவர் கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம். கோபேயில் ஒரு கடையில் கடைக்காரப் பெண்ணிடம் நான் பணத்தை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, "கையில குடுக்கக் கூடாது மாப்ள, அந்தத் தட்டுல வைங்க" என்றார். நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நாகசாகியில் டிராமுக்கு முன்கதவு வழியாக ஏறப் போனேன். பின்னால் ஏறி முன்னால் இறங்க வேண்டுமாம். "இது ஈரோடு டவுன் பஸ் இல்ல" என்றார். பெரியவள் சிரித்தாள். மலைச்சரிவு முழுக்க வீடுகள், கீழே கப்பல் கட்டும் துறை, தண்டவாளத்தில் சத்தமே இல்லாமல் திரும்பும் டிராம். ஒரு ஃபிட்டர் நாள் முழுக்க நின்று பார்க்க வேண்டிய ஊர். நான் அவர் முதுகை முறைத்துக்கொண்டே சுற்றி வந்தேன்.

பூசானில் நானும் அம்மாவும் இறங்கவில்லை, கொரியா விசா எடுக்கவே இல்லை. மறுநாள் பெப்பு. கப்பலின் பெரிய ஹாலில் ஜப்பான் அதிகாரிகள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஆறு மணிக்கே குளித்து, கழற்றி மாட்ட வசதியாகச் சுடிதார் போட்டு, பையில் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தாள். அதிகாரி எங்கள் விசாவைப் பார்த்தார். ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்துக் காட்டினார். எழுந்து நின்று தலை குனிந்தார். ஏற்கெனவே ஒரு தடவை நுழைந்து வெளியே போயாகிவிட்டது, விசா முடிந்தது, கரையில் இறங்க முடியாது. மாமா புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் வாதாடினார். அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் குனிந்தார், அவ்வளவுதான்.

மாமா என் பக்கம் திரும்பினார். "டபுள் என்ட்ரின்னு சொன்னேனே மாப்ள?"

நீங்கள் பார்த்தீர்கள். அம்மா பார்த்தாள். எனக்கு அந்த டிராமும் அந்தத் தட்டும் ஞாபகம் வந்தது.

"சிங்கிளே போதும்னு நீங்கதான் மச்சா சொன்னீங்க."

"நானா?"

"ஆமா. எல்லாம் நீங்கதானே சொல்வீங்க. எங்க வேலை கையெழுத்துப் போடறது மட்டுந்தானே."

இந்தத் தடவை எல்லோரும் பார்த்தது அவரைத்தான். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

"அம்மணி, நான் அப்படிச் சொல்வனா?" என்று தங்கையைக் கேட்டார்.

அம்மா துண்டிருந்த பையை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தாள். "இவங்க எது பண்ணாலும் உங்களுக்குச் சிரிப்புத்தான் அண்ணா. ஊருக்கு முன்னால பட்டிக்காடுன்னு சொல்லுவீங்க. உங்க தப்புன்னா மட்டும் ஒத்துக்க மாட்டீங்க. பசங்களக் கூட்டிட்டுப் போங்க."

தானும் இறங்கவில்லை என்றார் அவர். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் நீங்கள் அவரோடு போனீர்கள். மணலில் புதைந்து கிடந்தீர்கள், மூக்கெல்லாம் சிவந்து வந்தீர்கள். அது வரைக்கும் அம்மா மேல்தளத்தில் ஊரைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் இருந்தாள். அந்த ஊரில் வீடுகளுக்கு நடுவில் அங்கங்கே ஆவி எழும்பும். கப்பலிலிருந்தே தெரியும். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கப்பில் டீ ஆடை கட்டும் வரைக்கும் நின்றேன். சொல்லவில்லை.

ஹாங்காங் வரைக்கும் அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் பெட்டிகளுக்குக் காத்திருந்தபோது, அம்மா உங்களை பாத்ரூம் கூட்டிப் போயிருந்தாள். மாமா என்னிடம் வந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நீட்டினார். பெப்புவில் வாங்கியது, அந்த ஊர் ஊற்றிலிருந்து எடுத்த உப்பு மாதிரி ஒரு பொடி.

"தங்கச்சிகிட்ட குடுத்துருங்க மாப்ள. டப்புல வெந்நீர் ஊத்தி, கலந்து உக்காரச் சொல்லுங்க." பெட்டிகள் வரும் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "நீங்க சொன்னது பொய்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவகிட்ட நான் சொல்லப் போறதில்ல."

அவர் கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இனி அவர் ஸ்பான்சர் பண்ணியதோடு இதையும் சேர்த்து ஆயுசுக்கும் நான் சுமக்க வேண்டும். பெட்டியை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டேன். அம்மாவிடம் கொடுத்தால் அவள் மனசு இளகும், ஃபோன் பண்ணுவாள், பேச்சு அந்த ஃபாரத்தில் வந்து நிற்கும். இதையெல்லாம் வீடு வரும் வழியில் காரில் யோசித்து முடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். அம்மா வேலைக்கும் நீங்கள் ஸ்கூலுக்கும் போன பிறகு, அபார்ட்மெண்ட்டின் லாண்டரி ரூமுக்குப் போனேன். யாரும் இல்லை. மூலையில் இருந்த துவைக்கிற தொட்டியில் பெட்டியைக் கவிழ்த்தேன். லேசான மஞ்சள் நிறப் பொடி, கொளுத்திய தீக்குச்சி மாதிரி வாடை. குழாயைத் திறந்து, கடைசித் துகள் போகும் வரைக்கும் கையால் தள்ளிவிட்டேன். அட்டைப் பெட்டியைத் தட்டையாக மடித்து, குப்பைத் தொட்டியில் மற்றவர்கள் வீட்டுப் பைகளுக்கு அடியில் செருகினேன்.