தார்வாட் டீச்சர் படித்துச் சொன்ன மனு

என் மகன் தமிழ் பேசுவான், எழுத வராது. மைசூரில் பிறந்து கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நான் சேலத்துப் பக்கம் இரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். கன்னடம் பேசுவேன், மார்க்கெட்டில் பேரம் பேசி ஜெயிக்கிற அளவுக்குப் பேசுவேன். ஆனால் அதன் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அவன் அப்பா உயிரோடு இருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் எதற்குக் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும்?

அவர் போய் மூன்றாம் வருஷம் மகன் அமெரிக்கா போனான். மாநிலத்தின் பெயரைக் கர்நாடகம் என்று மாற்றிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு வெளியே ஹெப்பாள் பக்கத்தில் ஒரு பட்டறையில் டை செய்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தகட்டை வெட்டவும் வளைக்கவும் எஃகில் அச்சு செய்கிற வேலை. அவன் கை சுத்தம் என்று பட்டறை முதலாளியே சொல்வார். அங்கே ஒரு கம்பெனி இரண்டு வருஷ அனுமதியில் கூப்பிட்டது.

"ரெண்டே வருஷம்மா. மூணாவது தசராவுக்கு நான் இங்க இருப்பேன், நீ வேணா எண்ணிக்கோ" என்றான்.

எண்ணினேன்.

முதல் கடிதம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பேச்சு தமிழ், எழுத்து கன்னடம். அவனுக்கு வேறு வழியில்லை. பிரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். ஜிலேபி பிழிந்த மாதிரி இருந்தது.

ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள் எங்களுக்கு. மூன்றாவது வீட்டில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மனைவி, தமிழ்க்காரி, இரண்டு எழுத்தும் தெரிந்தவள். அவளிடம் கொண்டுபோனேன்.

"அய்யோ அக்கா, உங்க பையனுக்கு அங்க ஒண்ணும் ஒத்துக்கலையாம்! மூணு நாளா ரொட்டியும் வாழைப்பழமும்தானாம், இருமல் வேறயாம்!" என்றாள், படித்த குரலிலேயே.

சாயங்காலம் குழாயடியில் ஒருத்தி, "பையன் பட்டினியாமே?" என்றாள். இன்னொருத்தி இருமலுக்குக் கஷாயம் சொன்னாள். அந்தக் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்ததோடு சரி, குமாஸ்தா மனைவியிடம் நான் மறுபடி கடிதம் கொண்டுபோகவில்லை. என் வீட்டு இருமல் என் வீட்டில் இருக்கட்டும்.

கடைசி வீட்டில் ஒரு டீச்சர் குடிவந்திருந்தார். தார்வாட் பக்கத்துக்காரர், தனி ஆள், பெண்கள் ஹைஸ்கூலுக்கு மாற்றலாகி வந்தவர். பேச்சுக்குப் பேச்சு மரியாதைக்கு ஒரு 'ரீ' சேர்ப்பார். மைசூர்க்காரர்களுக்காவது சினிமா பார்த்துக் கொஞ்சம் தமிழ் காதில் விழுந்திருக்கும். இவருக்கு அதுவும் இல்லை. யோசித்து யோசித்து, அடுத்த கடிதத்தை அவரிடம் கொண்டுபோனேன். நாங்கள் பேசியது கன்னடத்தில். இங்கே தமிழாக்கிச் சொல்கிறேன்.

"எனக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாதுரீ அக்கா. நான் எப்படிப் படிக்கிறது?"

"எழுத்து உங்களோடதுதானே? எழுத்தை மட்டும் படிங்க. அர்த்தத்தை நான் பாத்துக்கறேன்."

கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார். "அப்போ நான் கிராமபோன் பெட்டியா?"

"பெட்டிக்கு ஊசி மாத்தணும். உங்களுக்கு காபி போதும்."

சிரித்துவிட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் படிப்பார். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவார், பிரிக்க வேண்டியதைச் சேர்ப்பார். "அன்புள் ளஅம்மா வுக்கு" என்று ஏதோ மந்திரம் மாதிரி வரும். நான் அதைக் காதில் வாங்கி, உள்ளே உடைத்துச் சேர்த்துக்கொள்வேன். பதிலும் அப்படியே. நான் தமிழில் மெதுவாகச் சொல்ல, அவர் சத்தத்தைக் கன்னட எழுத்தில் பிடிப்பார். கடிதம் முழுக்க அவர் வாய் வழியாக வந்தும், அதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

இரண்டாம் வருஷக் கடைசியில் மனு விஷயம் வந்தது. கம்பெனி அவன் அனுமதியை நீட்டி, நிரந்தரமாகவே வைத்துக்கொள்ள நினைக்கிறதாம். அதற்கு முதலில் தொழிலாளர் இலாகா ஒரு சான்று தர வேண்டும். இந்த வேலைக்கு உள்ளூரில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்கிற சான்று. அதற்காகக் கம்பெனி அவன் வேலையைப் பத்திரிகையில் விளம்பரம் செய்யும். யாராவது வருகிறார்களா என்று பார்க்கும். அவனும் அங்கேயே தினம் வேலை செய்துகொண்டிருப்பான்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மருமகள் அடுப்படியில் சமைத்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் தரகரை உட்காரவைத்து வேறு பெண் கேட்கிற மாதிரி.

அதற்கப்புறம் எழுதியிருந்ததற்குச் சிரிப்பு வரவில்லை. சான்று வந்து, விசா வரிசையில் முறை வந்து, அங்கேயே தங்க அனுமதிக்கிற கார்டு கையில் கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் வந்துபோகலாம். அதற்குமுன் ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை. ஆகவே கார்டு வருகிறவரை வர முடியாது.

"நல்ல செய்தியாரீ?" என்று கேட்டார் டீச்சர்.

"நல்ல செய்திதான்" என்றேன். காபி டம்ளரை நானே கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மனு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் வரிசையில் அவனுடைய இடம் என்று அடுத்த கடிதத்தில் எழுதினான். அந்தத் தேதி போய் மூன்று வாரமாகியிருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் என் தம்பி சேலத்திலிருந்து நாள் கிழிக்கிற காலண்டர் கொண்டுவருவான். கிழித்த தாள்களை வெந்நீர் அடுப்பு பற்றவைக்க ஒரு தகரத்தில் போட்டுவைப்பேன். தகரத்தைக் கூடத்தில் கொட்டித் தேடினேன். இருந்தது. ஒரு வியாழக்கிழமை. பாதி நாள் எரிந்துபோயிருக்க, அது மிச்சமிருந்ததே என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவன் அப்பா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன்.

ஒரு மனு எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். அவர் போனபிறகு பென்ஷன் பைலைத் தொடர்ந்து ஒன்பது மாதம் நடந்தவள் நான். எந்த மேஜையில் இருக்கிறது, எந்த குமாஸ்தா லீவு, எல்லாம் சொல்வேன். பேச வேண்டாம், எதிரே போய் நின்றால் போதும், பைல் நகர்ந்துவிடும். இந்த மனுவுக்கு எதிரே போய் எங்கே நிற்பது? 'மாநில ஆபீசில் இருக்கிறது', 'மேல் ஆபீசுக்குப் போயிருக்கிறது', 'ஏதோ விளக்கம் கேட்டிருக்கிறார்கள்' என்று மகன் எழுதுவான். அது இங்கே வந்து சேர்வதற்குள் அங்கே வேறு மேஜைக்குப் போயிருக்கும்.

மூன்றாவது தசரா வந்தது. போனது.

"பையன் வரலியா?" என்றாள் குமாஸ்தா மனைவி.

"வேலை ஜாஸ்தி. விட மாட்டேங்கறாங்க."

"அங்கேயே ஒரு வெள்ளைக்காரியப் பாத்துட்டானோ என்னமோ!"

"பாத்தா உன் வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை" என்றேன். முற்றமே சிரித்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் பார்க்க ஊரே போயிருந்தது. அந்தத் தெருவில் அவ்வளவு நிசப்தத்தை நான் கேட்டதில்லை.

அந்த நாட்களில்தான் டீச்சர் படிப்பதில் ஏதோ மாறியிருந்தது. சாம்பார் அடிப்பிடித்து, வீட்டுக்காரக் கிழவி தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போன கதையை மகன் எழுதியிருந்தான். டீச்சர் சரியான இடத்தில் மூச்சு விட்டுப் படித்தார். கதையில் கிழவி வருவதற்கு முன்பே அவர் உதட்டோரம் துடித்தது. பழக்கத்தில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்குச் சௌகரியம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாதிக் கடிதத்தில் நிறுத்தி மடித்துவிட்டார்.

"வெளிச்சம் போதலைரீ. நாளைக்குப் படிக்கலாம்."

வெயில் அவர் மடியிலேயே விழுந்துகொண்டிருந்தது.

"படிங்க டீச்சர்" என்றேன்.

படித்தார். மனுவைத் தள்ளிவிட்டார்கள். விளம்பரத்தைப் பார்த்து அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தாராம், தகுதி உள்ளவர்தானாம். ஆகவே சான்று இல்லை. வரிசையில் பிடித்துவைத்திருந்த இடமும் போயிற்று. அந்த ஆள் ஒரு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார், கம்பெனி மறுபடி மனுப் போடத் தயார். ஆனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எத்தனை வருஷமாகும் என்று தெரியாது. 'அம்மா, நீ வான்னு ஒரு வரி எழுது, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன்.'

அவன் வேலை பார்த்த ஹெப்பாள் பட்டறை அதற்குள் மூடிப் பூட்டுத் தொங்கியது. வந்தால் என்ன செய்வான்?

"பதில் எழுதிடலாம்" என்றேன். "எழுதுங்க. எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே நாலு பேர் நடுவுல நல்லா இருக்கேன். பொழுது போறதே தெரியலை. நீ மறுபடி மனுப் போடு."

பேனா நின்றுவிட்டது.

"பொய்" என்றார் டீச்சர். தமிழில்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"அந்த விளம்பரக் கடிதத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமாரீ. ரெண்டு வருஷம் பாடற கிராமபோனும் தன் பாட்டைக் கேட்டுக்கிட்டேதானே இருக்கும்?"

"நான் சொன்னத எழுதுங்க."

எழுதினார். கடைசியில் எங்கள் விலாசம் எழுதுகிற மாதிரி இன்னும் கொஞ்சம் எழுதினார். எழுத்து தெரியாதவளுக்கு எது விலாசம், எது வரி? ஒட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்து தபாலில் போட்டேன். என் கூடத்தில் எனக்குத் தெரியாமல் இத்தனை நாள் ஒருத்தர் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. காபியும் நின்றது, பேச்சும் நின்றது. முற்றத்தில் எதிரே வந்தால் கோலத்தைப் பார்த்துக்கொண்டு போவேன்.

மகனிடமிருந்து கடிதம் வந்தது. காலண்டருக்கு அடியில் வைத்தேன். டீச்சரிடம் போக மாட்டேன்.

"நான் படிச்சுக் காட்டட்டுமா அக்கா?" என்றாள் குமாஸ்தா மனைவி.

"படிச்சாச்சு" என்றேன்.

நாலு நாள் அது அங்கேயே இருந்தது. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கடிதங்களை எடுத்தேன். ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். எந்தக் கடிதத்தில் எந்த வரிக்குப் பிறகு எந்த வரி என்று தெரியும். எழுத்துதான் தெரியாது. எல்லாக் கடிதத்துக்கும் தலைப்பு ஒன்றுதான்: 'அன்புள்ள அம்மாவுக்கு'. அதில் 'அம்மா' எங்கே என்று விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்தின் காலடியில் குட்டியாக இன்னொன்று தொங்கியது. அதுதான் இரண்டு 'ம'. அதே 'ம' தலையில் வருகிற இரண்டெழுத்து வார்த்தை ஒன்று கடிதத்துக்குக் கடிதம் ஏழெட்டுத் தரம் வந்தது. வேறென்ன, 'மனு'. அதிலிருந்து 'ன' கிடைத்தது. அரிசி பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். புதுக் கடிதத்தைப் படித்து முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று.

அதில் இருந்தது இதுதான். 'அம்மா, நீ நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கே. அதுக்குக் கீழே கன்னடத்துல ஒரு வரி இருக்கு. உங்கள் தாயார் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன், நம்ப வேண்டாம், அப்படின்னு. நான் எதை நம்பறது? மனுப் போடலாமான்னு கம்பெனியில கேக்கறாங்க. நீ சொல்ற வரைக்கும் சரின்னு சொல்ல மாட்டேன்.'

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று அந்த முற்றத்தில் ஒருத்தர் கவனித்திருக்கிறார். அவ்வளவுதான் அந்த வரிக்கு அர்த்தம்.

பொறுக்கிய எழுத்துகளை வைத்து என் கையாலேயே பதில் எழுதினேன். மூன்று தாள் வீணாயிற்று. நாலாவதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் எதுவும் கேட்காமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், வாய்விட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி:

"டீச்சர் எழுதினது நிஜம். ஆனாலும் மனுப் போடு."

"மூணு தப்பு இருக்குரீ அக்கா."

"இருக்கட்டும். அவனுக்குப் புரியுமா?"

"புரியும்."

"அப்ப காபி போடுங்க."

மகன் மனுப் போட்டான். புதுத் தேதிக்குப் புதுத் தாள், படத்துக்குப் பின்னால். இந்தத் தடவை விளம்பரத்துக்கு யாரும் வரவில்லை, சான்று கிடைத்தது. அப்புறம் வரிசை. அது ஒரு மாதம் நகரும், மூன்று மாதம் நிற்கும். நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பேசிக்கொண்டிருந்தோம், பாதி தமிழும் பாதி கன்னடமுமாக. பிறகு டீச்சர் ரிட்டையராகித் தார்வாட் போனார். நான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். "கார்டு வந்தா எழுதுங்கரீ" என்றார். "எழுத்து உங்களோடதுதானே" என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

கார்டு வந்த கடிதம் அதற்கு அடுத்த வருஷம் வந்தது. மகனைப் பார்த்து அப்போது ஏழு தசரா ஆகியிருந்தது. மத்தியானம், முற்றத்தில் யாருமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, டீச்சர் உட்காருகிற மாதிரி வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்தேன். நான் படித்தால் இன்றைக்கும் நிறுத்தக் கூடாத இடத்தில்தான் நிற்கும். "அன்புள் ளஅம்மா வுக்கு" என்று ஆரம்பித்தேன். கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும், அவசரப்படாமல், கடைசி வரி வரைக்கும் படித்தேன். பிறகு தார்வாடுக்கு ஒரு தபால் கார்டு எழுத உட்கார்ந்தேன்.