பதினான்கு முட்டையும் ஒரு சொம்புக் கூழும்

பாலாற்று மணலில் ஓட்டப்பந்தயம் ஓடி நான் கடைசியாக வந்த வருஷம், என்னைவிட மாமாவுக்குத்தான் அதிக அவமானம். அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழி வேலைக்குப் போய்வந்தார். பெண்பிள்ளைகளை ஓடவிடுவதே அந்த நாளில் அதிசயம். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மா அதைத் துணிந்து நடத்தினார். பள்ளிக்குப் பின்னால் ஆற்றில் இறங்கி, நடு மணலில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். நான் கொடிவரை போய், தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வருவதற்குள் தபால்காரர் மகள் பரிசே வாங்கிவிட்டாள்.

"நீ மறுபடி மணல்ல உக்காந்துட்டன்னா ஓட்டமே கெடையாது, சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

அடுத்த வருஷம் பந்தயத்துக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது மாமா என்னைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவருடைய தோஸ்த் ஒருவர் குஸ்தி பழகுகிறவர். அவரிடம் கேட்டுவந்த சட்டங்கள் இரண்டே. விடிந்ததும் ஒரு பச்சை முட்டை. தண்ணீர் மட்டும் ரொம்பக் கம்மி.

"தண்ணி ஜாஸ்தியானா வயிறு குலுங்கும். ஒடம்பு கனத்துப் பூடும். குதிரைக்கே அளந்துதான் ஊத்துவாங்க" என்றார். எந்தக் குதிரை என்று யாரும் கேட்கவில்லை.

முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். அது தொண்டையில் இறங்கும்வரை மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இறங்கியதும் என் காலைப் பார்ப்பார், அதற்குள் தடித்திருக்குமோ என்று. தண்ணீர்தான் கஷ்டம். சாயங்காலம் ஓடிப் பழகிவிட்டு வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பானைப் பக்கம் போனால் மாமா கனைப்பார். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலைவலியோடு படுத்துக்கொள்வேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் கணியம்பாடியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் காட்டில் கூலிக்குக் களை எடுப்பவள். என் முகத்தைப் பார்த்ததும் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாடி, ஒண்ணுக்கு மஞ்சளா போவுதா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"நெனச்சேன். இந்த வெயில்ல நான் குடிக்காம களை எடுத்தா மத்தியானத்துக்குள்ள வரப்புல கெடப்பேன். நீ ஓடப்போறவ."

மாமாவோடு அவள் சண்டைக்குப் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே அவர் அசந்த நேரமெல்லாம் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக் கிணற்றடிக்கு என்னை வரச்சொன்னாள். கேழ்வரகுக் கூழை மோர் விட்டுத் தண்ணியாகக் கரைத்து, உப்புப் போட்டு, ஒரு சொம்பு கொண்டுவந்திருந்தாள்.

"மடக்கு மடக்குனு குடிக்காத. கொஞ்சங் கொஞ்சமா முழுங்கு. ஓடறதுக்கு இன்னும் நேரம் கெடக்குது."

அந்த உப்புக் கூழ் உள்ளே இறங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். மணல் சுட்டது. கொடியைத் தொட்டபோது, போன வருஷம் உட்கார்ந்த இடம் இதுதான் என்று தோன்றியது. கால் நிற்கவில்லை. திரும்பும்போது ஒவ்வொருத்தியாக எனக்குப் பின்னால் போனார்கள். தபால்காரர் மகளின் சடை மட்டும் கடைசிவரை எனக்கு முன்னால் ஆடிக்கொண்டே போயிற்று.

இரண்டாம் பரிசு, ஒரு சீப்பும் வாசனைச் சோப்பும். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். "பதினாலு முட்டை!" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். அத்தை பின்னால் காலிச் சொம்போடு, ஒன்றும் தெரியாதவள்போல நடந்துவந்தாள்.

எனக்கோ நெஞ்சு உறுத்தியது. திருட்டுத்தனமாகக் குடித்து ஜெயித்தது பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் கண்ணை மூடி மன்னிப்புக் கேட்டேன். அதுவும் போதாமல், வீட்டுக்கு வரும் வழியில் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன்.

 மாமாவின் முகம் வாடித்தான் போயிற்று. பிறகு கேட்டார்.

"உப்பு எவ்ளோ போட்டாங்க?"

அடுத்த வருஷம் பந்தயத்தன்று அவர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பெரிய அண்டா நிறைய அதே கூழைக் கரைத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கினார். பக்கத்தில் அத்தை அகப்பையோடு நின்றாள். உப்புப் பார்த்துச் சொன்னது அவள்தான். ஓடப்போகிற அத்தனை பெண்களையும் மாமா கூப்பிட்டார். தபால்காரர் மகளுக்கும் ஊற்றினார். "மெதுவா குடி கண்ணு" என்று அவளிடமும் சொன்னார். அவள் மறுபடி முதலாவதாக வந்தாள். நான் மறுபடி இரண்டாவது.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. எனக்கென்று அத்தை கரைத்துத் தந்ததை என் மாமா அவளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அன்றைக்கு அவர் யாரையும் தோளில் தூக்கவும் இல்லை. கடைசியாக ஓடிவந்த சின்னப் பெண்ணுக்கு அண்டாவைச் சாய்த்து ஒரு சொம்பு ஊற்றிவிட்டு, ஒருத்திகூட மணலில் உட்காரவில்லை என்று அத்தையிடம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் முதலாவதாக வராத நாளில் அவருக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்குப் புரியவே இல்லை.