அம்மா போட்ட நெல்லுச் சோறு

நாற்பத்திரண்டாம் வருஷம் கோடையில் என் அண்ணன் ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்தான். குண்டு விழுந்த ஊரை விட்டு, காடும் மலையுமாக அசாம் வரைக்கும் நடை, அதற்கப்புறம் ரயில். கல்கத்தாவிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் தந்தி கொடுத்திருந்தார். நானும் அம்மாவும் அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்தோம். வண்டி நின்றதும் அம்மா அவனைத் தாண்டிப் போய் அடுத்த பெட்டியில் தேடினாள்.

"அம்மா, நாந்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே அண்ணன்தான் என்னைத் திருச்சியில் படிக்க வைத்தான். சரித்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு அங்கேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்தேன். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அன்று ஊரில் இருந்தேன்.

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், மழையை நம்பிய கரிசல் காட்டில் இருக்கிறது. தினப்படிக்குக் கம்பங்கூழ், இல்லாவிட்டால் வரகுச் சோறு. நெல்லுச் சோறு நாள் கிழமைக்குத்தான். பிள்ளை உயிரோடு வந்த வீட்டில் அம்மா கூழையா ஊற்றுவாள்? பெரிய பண்ணை வீட்டுக்குப் போய்ப் பழைய அரிசியாகக் கேட்டு வாங்கி வந்தாள். சேவல் அடித்தாள். நெய் உருக்கினாள். கையைத் தூக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அம்மாவே பிசைந்து ஊட்டினாள்.

"போதும்மா" என்றான்.

"இன்னும் ரெண்டு வாய், சாமி. எலும்பா வந்திருக்கியே."

அவனும் ஆசையாகத்தான் சாப்பிட்டான். மறுநாளும் அதே சாப்பாடு. முகத்தில் கொஞ்சம் களை வந்த மாதிரி இருந்தது. "புள்ள தேறிட்டான்" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். பிறகு அவன் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு வாங்கியது. "நெஞ்சு படபடங்குதும்மா" என்று எழுந்து உட்கார்ந்தான். பெரம்பலூருக்கு டாக்டரை அழைத்துவர வண்டி போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காட்டுக் காய்ச்சல் என்றார்கள் ஊரில். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

லீவு முடிந்து திருச்சிக்குப் போனேன். கரும்பலகையில் ராஜாக்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிடும். பிள்ளைகள் காத்திருப்பார்கள். இரண்டு வருஷம் அப்படி ஓட்டினேன். அப்போதுதான் மெட்ராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கும் வேலைக்குப் பட்டம் வாங்கிய பெண்களை எடுத்துப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். டயட்டீஷியன் என்ற வார்த்தையையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அண்ணனை நினைத்து அதற்குப் போனேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், உண்மை அதில்லை. தெரிந்த முகங்கள் இல்லாத இடத்துக்குப் போனால் போதும் என்றிருந்தது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பி.ஏ. படிச்சிட்டு ஆஸ்பத்திரியில சோறாக்கப் போறியா?" என்று கேட்டாள்.

அங்கே எங்களுக்குப் பொறுப்பாக இருந்த லேடி டாக்டரும் கிட்டத்தட்ட அதையே வேறு விதமாகக் கேட்டார். "ஹிஸ்டரி படிச்சவங்களுக்கு கெமிஸ்ட்ரி ஏறுமா?"

"படிச்சுக்கறேங்க" என்றேன்.

ஏறவில்லைதான். சயன்ஸ் படித்து வந்த சின்னப் பெண்கள் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டே புரதம், மாவுச்சத்து, கொழுப்பு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். காலையில் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் நிற்க வேண்டும். நீரிழிவுக்காரருக்குச் சோற்றை நிறுத்துப் போட வேண்டும். உடம்பு வீங்கியவருக்கு உப்பில்லாத சாப்பாடு. உப்பில்லாத கஞ்சியைக் குடிக்கவைக்க ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கெஞ்சுவேன். யுத்த காலம் என்பதால் பாலுக்குத் தட்டுப்பாடு, அரிசிக்கு ரேஷன். இருக்கிற கேழ்வரகை வைத்துக்கொண்டு யாருக்கு எதைக் கொடுப்பது என்று யோசிப்பதிலேயே பொழுது போய்விடும். அதில் என் துக்கம் கொஞ்சம் மறந்திருந்தது.

ஒரு மத்தியானம், வங்காளப் பஞ்ச முகாமில் வேலை செய்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர் எங்களுக்கு வகுப்பெடுத்தார்.

"பட்டினியில செத்தவங்களைப் பார்த்தேன். சாப்பாடு கிடைச்ச பிறகு செத்தவங்களையும் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். "நாள் கணக்கா காஞ்ச உடம்புக்கு ஒரேயடியா வயிறு நிறையப் போட்டா இதயம் தாங்காது. கால் வீங்கும், மூச்சு வாங்கும். தேறிட்டாங்கன்னு நாம நினைக்கிறப்பவே போயிடுவாங்க. தண்ணியா கஞ்சி, கொஞ்சங் கொஞ்சமா. அவங்களுக்கு அதுதான் மருந்து."

"வூட்ல இருக்கவங்களுக்கு அது தெரியாதே சார்?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது.

"எப்படிம்மா தெரியும்? பசிச்சவனுக்குச் சோறு போடாதேன்னு யாராவது சொல்லிக் கொடுப்பாங்களா?"

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் நான் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக நாங்கள் குடிக்கிற கூழையே நீர்க்கக் கரைத்துக் கொடுத்திருந்தால் ஒருவேளை அண்ணன் பிழைத்திருப்பான். அவனுக்கென்று அலைந்து வாங்கிய அரிசி அது. அழுகைகூட வரவில்லை. சாயந்திரம் வார்டுக்குப் போய் வழக்கம்போலக் கஞ்சி ஊற்றினேன். இதை அம்மாவிடம் எந்தக் காலத்திலும் சொல்லக்கூடாது என்பது மட்டும் மனசில் நின்றது.

படிப்பு முடிந்து அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலையும் கிடைத்தது. யுத்தம் ஓய்ந்த மறு வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். எதிர் வீட்டுக்காரர் மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட இழுத்துப் போய்விட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடுதலையாகியும் காய்ச்சலும் பேதியுமாக முகாம் முகாமாகக் கிடந்திருக்கிறார். நான் ஊரில் இருந்தபோதுதான் பஸ்ஸிலிருந்து அவரைத் தூக்கி இறக்கினார்கள். அண்ணன் வந்த அதே கோலம். நானும் அம்மாவும் ஓடினோம். அதற்குள் அவர் சம்சாரம் உலை வைத்துவிட்டிருந்தாள்.

"அக்கா, இப்ப சோறு வேணாம். கஞ்சித் தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க" என்றேன்.

"என்னா பேச்சு பேசுறே? வருசக்கணக்கா காஞ்சு கெடந்த மனுசரு. ஒரு வாய் சோறு குடுக்காதேங்கிறியே!"

"நெஞ்சு தாங்காதுக்கா. காலு வீங்கும், மூச்சு வாங்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினேன். அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அவள் அந்தப் பெண்ணின் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "அது சொல்றத கேளு ஆயி. ஆஸ்பத்திரில படிச்ச புள்ள" என்றாள். எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"அவனுக்கும் அதானா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அப்ப யாருக்கும் தெரியாதும்மா" என்றேன்.

"ஒனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"படிக்கறப்ப."

"அம்புட்டு நாளா நீ ஒருத்தியே வச்சிருந்தியா?" என்று என் தலையைத் தடவினாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். "தெரியாதுதான். ஆனா ஊட்டுனது எங் கை."

எதிர் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். அவருக்குக் கஞ்சி காய்ச்சுவதை அம்மா தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு தடவைகூடத் தானே அவர் வாயில் ஊற்றவில்லை. ஆறவைத்து அவர் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொள்வாள். அவர் நடமாட ஆரம்பித்ததும் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா நன்றாகத்தான் பேசினாள். இலை போட்டுச் சாப்பிட உட்காரச் சொன்னாள்.

"நீ போடு பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாருக்குமே அம்மா பரிமாறவில்லை. எனக்கும்தான். ஆக்கி இறக்கி வைப்பாள், அவ்வளவுதான். நான் ஊருக்குப் போகிறபோதெல்லாம், "நீயே போட்டுக்க, பாப்பா. ஒனக்குத்தான் அளவு தெரியும்" என்பாள். நானும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.